இரண்டு இஞ்ச் உயரம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் தோட்டத்துக்குப் போக வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் போக வேண்டும். வாரம் ஐந்து நாள் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி, சனிக்கிழமை துணி துவைத்து, விடைத்தாள் திருத்தி, ஞாயிறன்றாவது கொஞ்சம் காலை நீட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக இயங்காமல் போன பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் எனக்கு இப்படித்தான் கழிந்தன.

தோட்டம் கன்னிவாடிக்கு அப்பால் மலையடியில் இருந்தது. தென்னையெல்லாம் அவர் கையால் வைத்தவை. முன்பு அவரே ஜீப்பை ஓட்டிக்கொண்டு நினைத்த நேரத்தில் போய் வருவார். அவர் படுத்த பிறகு, நாற்பத்தாறு வயதில் நான் வண்டி ஓட்டப் பழகினேன். எனக்கு அதில் துளி ஆசை கிடையாது. ஆனால் தோட்டத்தைப் பார்க்காவிட்டால் மனுஷன் நொந்து போவார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஞாயிறு காலையில் "போவமாங்க?" என்று கேட்பேன். "ம்" என்பார். அதோடு சரி.

தார்ச்சாலையை விட்டு இறங்கினால் ஒன்றரை மைல் மாட்டுவண்டிப் பாதை. இரண்டு பக்கமும் சக்கரத் தடம் பள்ளமாக இறங்கியிருக்கும், நடுவே மேடு புடைத்து நிற்கும். அந்த மேட்டில் ஜீப்பின் அடிவயிறு ‘டங்’கென்று மோதும். போகும்போது ஏழெட்டு முறை, வரும்போது ஏழெட்டு முறை. ஒவ்வொரு முறையும் என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி என் கையில் இப்படிச் சீரழிகிறதே என்று அவருக்கு இருக்கும் என நினைத்து நான் உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போவேன். இப்படியே மூன்று வருடம்.

கடைசியில் ஒருநாள் வண்டியை உயர்த்திவிடுவது என்று தீர்மானித்தேன். ஊருக்கு வெளியே பழனி ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஜீப் வேலையில் பேர் போனவர். பட்டறைக்குப் போனதும் வேலை இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் நாலு இஞ்ச் தூக்கச் சொன்னார். இன்னொருவர், நாலு இஞ்ச் தூக்கினால் வளைவில் வண்டி கவிழும் என்றார். இருக்கிற டயரைக் கழற்றிவிட்டு டிராக்டர் டயரையே போடலாம் என்று சொன்ன புண்ணியவானும் உண்டு. டீச்சர் வேலை பார்த்து என்ன பிரயோசனம், எனக்கு அவர்களை வாயை மூடச் சொல்லத் தெரியவில்லை.

"ரெண்டு இஞ்ச் போதும் டீச்சரம்மா. அடியில சக்கரத்துக்கு ஒரு பட்டை சேத்துப் போடுறேன்" என்றார் மெக்கானிக். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளைத்தான் சொன்னார். டயரும் ஒரு சுற்றுப் பெரிதாக, கட்டைக் கட்டையாகப் புடைத்திருக்கும் பட்டன் டயராக மாற்றச் சொன்னார். அதற்கும் மேல் பெரிதாகப் போட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும் என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது. நானும் கணக்கு டீச்சர் அல்லவா, ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையின் நடுமேட்டை அளந்து வந்து காட்டினேன். என் கணவர் ஏறுவதற்கு உயரம் கூடிப் போகுமே என்று யோசித்து, கதவுக்குக் கீழே ஒரு படி வைத்து வெல்டிங் செய்யவும் சொன்னேன். எதையும் விட்டுவிடவில்லை என்று எனக்கு அன்று ஒரே பெருமை.

வேலை முடிந்ததும் மெக்கானிக் எட்டு வெங்காய மூட்டைகளை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றி வைத்து, அடியில் படுத்து உயரத்தை அளந்தார். "அம்சமா நிக்குது. கொண்டு போங்க" என்றார். அந்தப் பக்கத்து ஜீப்புகள் வெங்காயம் ஏற்றும், தேங்காய் ஏற்றும், அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றும், மிச்ச இடத்தில் பத்துப் பேரை ஏற்றும். காலியாக ஓடுகிற ஜீப்பை அவர் தன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு வண்டிப்பாதையில் ஒரு ‘டங்’ கூட இல்லை. ஆனால் ஜீப் குதித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எங்களை இருக்கையிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. கூடுதல் பட்டை போட்டு முறுக்கேறிய வண்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாரமே இல்லை. என் கணவர் வலது கையால் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

மறுநாள் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மெக்கானிக் அசரவில்லை. "வெறும் வண்டியா ஓட்டுனா அப்படித்தான் டீச்சரம்மா தூக்கியடிக்கும். பின்னாடி பாரம் போடுங்க, தொட்டில் மாதிரி போகும்" என்றார். ஆறு சாக்கில் மணல் அடைத்து, பின்னால் ஏற்றி வைத்தேன். அதற்குள் ஐப்பசி மழை வந்து, பாதை முழுக்கத் தண்ணீர் ஓடி, சக்கரத் தடம் இன்னும் ஆழமாகிப் போயிருந்தது.

மழை விட்ட ஞாயிறன்று போனோம். குதிக்கவில்லை, மெத்தென்று போனது. அப்பாடா என்று நினைத்து முடிக்கவில்லை, ‘டங்’ என்றது. வெங்காயத்தைவிட மணல் கனம், அந்தப் பாரத்தில் ஜீப் பழைய உயரத்துக்கே இறங்கிவிட்டது. செத்த தூரம் போனதும் மறுபடி ‘டங்’. நான் வண்டியைப் பாதை நடுவிலேயே நிறுத்தி என்ஜினை அணைத்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவ்வளவு அலுப்பாக இருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

"பழையபடி இடிக்குதுங்க" என்றேன். "உங்க வண்டிய நாசம் பண்ணிட்டேன். நானும் என்னதான் செய்ய?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாய் லேசாகக் கோணியதால் அவர் மெதுவாகத்தான் பேசுவார். "வண்டிக்கு என்ன, இரும்பு. வலிக்கிறது எனக்கு" என்றார்.

"என்னது?"

"ஒவ்வொரு வாட்டியும் இந்தத் தோளு கதவுக் கம்பியில போயி இடிக்குது. உசுரு போயிட்டு வருது."

"மூணு வருசமாவா? ஏன் சொல்லல?"

"நீ அம்புட்டு ஆசையா ஓட்டப் படிச்ச. ஞாயித்துக்கெழம ஆனாப் போவமாங்க, போவமாங்கன்னு நிக்கிற. வேணாம்னு சொல்ல மனசு வரல. எனக்கு இந்தத் தோட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுல படுத்துக் கெடந்தாப் போதும்."

"நான் ஆசப்பட்டேனா? நானா?" என்று கத்தினேன். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. "தூங்கக்கூட நேரமில்லாம உங்களுக்காகத்தான் நாயா அலஞ்சேன்" என்றேன். அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. இறங்கிப் போய் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாதையோரம் தள்ளினேன்.

அந்த வருடமே தோட்டத்தைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டோம். ஜீப்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எட்டு மூட்டை வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகிறார், இடிப்பதும் இல்லை, குதிப்பதும் இல்லை என்று மெக்கானிக்கைப் பார்க்கும் இடத்திலெல்லாம் புகழ்கிறாராம். இருக்கட்டும்.

அன்றைக்கு மூட்டைகளைத் தள்ளிவிட்டு, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றேன். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற எனக்கு அவருடைய இடது தோள் கம்பியில் இடிப்பது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. சட்டையை விலக்கிப் பார்த்தேன். தோள் முனையில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்துக் கன்றியிருந்தது. புதிதாகப் பார்க்கிற கறுப்பு அல்ல அது. மூன்று வருடமாக அவரைக் குளிப்பாட்டும்போதெல்லாம் பார்த்ததுதான். ஒருக்களித்துப் படுப்பதால் வந்தது என்று நினைத்து, ஞாயிறுதோறும் தோட்டத்துக்குப் புறப்படுமுன் அதில் தேங்காய் எண்ணெய் தடவி விட்டதும் நான்தான்.