நோட்டீஸ் போர்டில் குத்தாத ரிப்போர்ட்

எங்கள் சபை நோட்டீஸ் போர்டில், ஓய்வுநாள் பள்ளி அட்டவணைக்கும் கல்லறைத் தோட்ட அறிவிப்புக்கும் நடுவே, என் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் குத்தி வைக்க நான் திட்டமிட்டிருந்தேன். அதற்காக ஊட்டி மார்க்கெட்டில் நான்கு டிராயிங் பின் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். பிரியமானவர்களே, எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. டிகிரி முடித்தவன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். இருந்தும் இப்படி.

இந்தச் சாட்சியை அச்சில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது கடைசியில் வரும்.

தேயிலை விலை விழுந்து, பாக்டரிகள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடிய காலம் அது. இத்தலார் பக்கம் ஒரு பாக்டரியில் நான் டீ மேக்கர். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் பச்சை இலையைத் தூளாக்கி, வாராவாரம் குன்னூர் ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்புவது என் வேலை. திருமணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை.

என் மனைவி ரூபி எல்லாப் பரிசோதனைகளையும் செய்துகொண்டாள். ஸ்கேன், ரத்தம், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்க்கும் அந்த வேதனையான சோதனை, எல்லாம். ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவளை நடுவில் முழங்கால் போட வைத்து, தலையில் எட்டுப் பேர் கைவைத்து, "இவள் கர்ப்பத்தைத் திறந்தருளும்" என்று மன்றாடினார்கள். வீட்டுக்கு வந்து தலை வலிக்கிறது என்பாள். எட்டுக் கை பாரம். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

நான் ஒரு சோதனையும் செய்துகொள்ளவில்லை. என்னை எதற்கு? மீசை இருக்கிறது. கனத்த குரல் இருக்கிறது. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு வந்தது அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டார்கள். ஏலம் விடுவது எப்போதும் கேத்தி கேரட் வியாபாரி ஞானமுத்து அண்ணன்தான். சபை மூப்பர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். நான் ஒரு பூசணிக்காய்க்குக் கேட்டேன். அவர் மைக்கில் சொன்னார்: "நம்ம சாமுவேல் தம்பி கேக்கறாருங்க! யாரும் ஏத்தாதீங்கப்பா, உட்டுக்குடுங்க. ரூபிக்கு மடில வெச்சுக் கொஞ்சறதுக்கு இதாச்சும் இருக்கட்டும்."

சபையே சிரித்தது. ரூபி அந்தப் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தாள். அதை அறுக்கவில்லை. சமையலறை மூலையில் அது அழுகும்வரை கிடந்தது.

அன்று முதல் நான் ஜெபித்தேன். அதுவரை அப்படி ஊக்கமாக ஜெபித்ததில்லை. பிள்ளை கேட்கவில்லை. பழி கேட்டேன். "ஆண்டவரே, ரூபியை வெட்கப்படுத்தினவர்களைச் சபைக்கு முன்பாக வெட்கப்படுத்தும்." ஆள் மாறிவிடக் கூடாது என்று இனிஷியலோடு பெயர் சொன்னேன். ஞானமுத்து அண்ணன், அவர் சம்சாரம், அந்த எட்டுக் கைகள், சிரித்தவர்களில் ஞாபகம் இருந்தவர்கள். பட்டியல் நீளமானது. முழங்கால் வலித்தது. சுகமாகத்தான் இருந்தது.

ஒருநாள் எங்கள் தூள் ஏலத்தில் விற்காமல் திரும்பியது. இந்தத் தொழிலில் அப்போது எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன். தூள் போகாவிட்டால் இலைமேல் பழி. இலை கொண்டுவந்த ஒரு விவசாயியை வாசலில் வைத்துக் கத்தினேன். சாப்பாடு கொண்டுவந்த ரூபி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அவுரு இலையில என்னங்க குத்தம்?" என்றாள். "உங்க மிசின்ல பல்லு தேஞ்சு கெடக்குதுன்னு நீங்களே போன வாரம் சொன்னீங்க. அதைப் பாக்காம இலையத் திட்டறீங்க. ஆறு வருசமா எனக்கும் இதே கதைதானுங்க. ஊரு சாம்பிளையெல்லாம் குன்னூருக்கு அனுப்பறீங்க. உங்க சாம்பிள ஒருக்கா குடுத்தீங்களா?"

பரிசோதனைக்கு நான் மனம் திரும்பிப் போகவில்லை. வன்மத்தோடு போனேன். அவள் ரிப்போர்ட் சுத்தம். என்னுடையதும் சுத்தமாக வந்தால், இரண்டையும் சேர்த்துப் போர்டில் குத்தி, ஞானமுத்து வாயை அடைத்துவிடலாம். ஆளுக்கு இரண்டு பின்.

முதல் பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அதிலும் குறைவு. இருந்தவையும் சரியாக நீந்தவில்லை. டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறது என்றார். சிலருக்குக் காலில் புடைக்குமே, அதுபோல.

"ஆனா எனக்கு ஒரு குறையுமில்லீங்களே டாக்டர்," என்றேன்.

"அது வேற, இது வேறங்க," என்றார் அவர். "குழந்தை இல்லாம வர்றவங்கள்ல ஆம்பளைக்குக் குறை இருக்கறது ரொம்ப சகஜம். அந்த எடம் உடம்பவிடக் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும். நரம்பு புடைச்சா சூடாயிரும். என்ன வேலை பாக்கறீங்க?"

பாக்டரியில் அனல் வீசும் டிரையர் பக்கத்திலேயே பதினைந்து வருடம் என்றேன். அதுவும் சேர்ந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். புகையிலையை விடச் சொன்னார். சின்ன ஆபரேஷன், புதிதாக உற்பத்தியாகிப் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

திரும்பும்போது கல்லாறு தாண்டி முதல் வளைவில் ஒரு டிராயிங் பின் நெஞ்சில் குத்தியது. அப்போதுதான் விளங்கியது. ஆண்டவர் என் ஜெபத்தை அப்படியே கேட்டிருக்கிறார். ரூபியை ஆறு வருடம் வெட்கப்படுத்தியவன் யார்? அந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டிய பெயரை நான் சொல்லவே இல்லை. அவரே சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். ரூபி அழவில்லை. ரிப்போர்ட்டைப் படித்து, மடித்து என் கையில் கொடுத்தாள்.

"ஆபரேசன் பண்ணிக்குங்க. பிள்ளை பொறந்தாலும் சரி, பொறக்காட்டியும் சரி. எனக்கு ஒண்ணு மட்டும் வேணுங்க. அந்தச் சபைல எந்திரிச்சு நின்னு, குறை எனக்குத்தான், இவளுக்கில்லைன்னு உங்க வாயால சொல்லணும்."

பாக்டரி ஓடாததால் லீவுக்குக் குறைவில்லை. ஆபரேஷன் நடந்தது. டிரையரை விட்டு ஆபீஸ் வேலைக்கு மாறினேன். புகையிலையை விட்டேன். ஆறாம் மாதம் எண்ணிக்கை ஏறியிருந்தது. அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் சகோதரர்களே, ஜெபியுங்கள். எழுந்ததும் முதல் பரிசோதனைக்கு நீங்கள் போங்கள். எல்லாருக்கும் எனக்குக் கிடைத்தது கிடைக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் உங்கள் மனைவியின் தலைமேல் இருக்கும் கைகளை உங்களால் இன்றைக்கே எடுத்துவிட முடியும்.

மற்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுத வேண்டும். முயன்றுகொண்டிருக்கிறேன். சிரித்தவர்களில் மூன்று பேர் பெயர் இன்னும் பாக்கி.

மகள் பிறந்த பிறகு வந்த அறுப்பின் பண்டிகையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாட்சி நேரத்தில் எழுந்தேன். குறை எனக்கு, ஆபரேஷன் எனக்கு, ரூபிக்கு ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது கடைசி வரிசையில், காய்கறி மேஜை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானமுத்து அண்ணனையே பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. என் வாழ்வின் மிக இனிய ஆறு நிமிடம்.

ஆராதனை முடிந்ததும் அவரே தேடி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாட்சி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க தம்பி. கரண்டு போயி மைக்கு நின்னதுல பின்னாடி எங்களுக்கு ஒண்ணுங் கேக்கல. ஆமா, ரூபிக்கு என்ன ஆபரேசனுங்க பண்ணுனாங்க?"