உருவகம் இல்லாத வீடு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கத்துப் பெண் பரீட்சைக்குச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். இன்று காலை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் சுவரைத் தாண்டி வந்தது: “உவமை வேறு, பொருள் வேறு என்று தோன்றாதபடி இரண்டும் ஒன்றே எனக் கூறுவது உருவகம்.” நாலைந்து தடவை சொன்னாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் “சரி” என்றார். வரையறை பிசகாமல் வருகிறதா என்று இன்றைக்கும் அவரால் சொல்ல முடியும். அதுவரைக்கும்தான் முடியும்.

அவர் தமிழ் வாத்தியாராக இருந்தவர். போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டுடோரியலில், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தவறியவர்களுக்கு வகுப்பெடுத்தார். சொந்த ஊர் ராசிங்காபுரம். நான் மலையடிவாரத்துக் குரங்கணிக்காரி. அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் காப்பியும் மேலே கொஞ்சம் ஏலமும் இருந்தது. அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும். கல்யாணமான புதிதில் ஊர் ஞாபகம் வந்தால், அடுக்களைக்குப் போய் ஏலக்காய் டப்பாவைத் திறந்து மூக்கை விட்டுக்கொண்டு நிற்பேன். ஒருநாள் இவர் பார்த்துவிட்டார்.

“ஒங்கப்பாவ டப்பாவுல போட்டு வச்சிருக்கியா? இலக்கணத்துல இதுக்கு ஆகுபெயர்னு பேரு.”

கோபப்பட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன்.

எதைப் பார்த்தாலும் அதற்கொரு இலக்கணப் பெயர் வைப்பார். என் பெரியப்பா ஒருவர் எப்போது வந்தாலும் “மேல மழை எப்படி?” என்பதைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார். அவர் போனதும் இவர், “தட்டைப் பாத்திரம்” என்றார். நான் என்னத்தைக் கண்டேன்? “தோசைக்கல்லையா சொல்றீங்க?” என்று கேட்டுவைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு விளக்கினார். கதைக்குள் ஒரே குணத்தோடு வந்து அதே குணத்தோடு போகிறவர் தட்டைப் பாத்திரம். நாம் நினைக்காததைச் செய்து, போகப்போக மாறுகிறவர் முழுமைப் பாத்திரம்.

“அப்ப நான் எது?”

“நீ மொதல்ல காப்பி கொண்டா. குடிச்சிட்டுச் சொல்றேன்.”

ஒரு தடவை இவர் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மலைமேல் மெட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது, தூறலில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது நடந்தார், சாப்பிட்டார், எல்லோர் பேரையும் சொன்னார். பார்க்க வந்த அத்தை ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பொழச்சு வந்து எங்க வயித்துல பால வாத்தியே அப்பு” என்றாள். அவர் அவள் சேலையை உற்றுப் பார்த்தார்.

“நான் வாக்கலையே. சேலையும் நனையல.”

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாருக்குக் குசும்பு போகவில்லை என்றார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மறுநாள், “தலைக்கு மேல சோலி கெடக்கு” என்று நான் சொன்னதும் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் கேட்டோம். அடிபட்ட இடம் அப்படி, வார்த்தை விளங்கும், வார்த்தைக்குப் பின்னால் இருப்பது விளங்காது, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். ஆகவில்லை.

மறுபடி வகுப்புக்குப் போனார். வரையறை ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் எழுதிய எடுத்துக்காட்டுகளையெல்லாம் தப்பு என்று அடித்தார். முகம் நிலவாகாது, ஊர் சிரிக்காது என்று ஓரத்தில் எழுதினார். டுடோரியல் முதலாளி நல்ல மனிதர். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்” என்று அனுப்பிவைத்தார். இவர் ரெஸ்ட் எடுத்தார். அடுத்த வாரம் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, “ரெஸ்ட் எடுத்தாச்சு, வந்துட்டேன்” என்று போய் நின்றார். முதலாளி மறுபடியும் ரெஸ்ட் என்றார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

“ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. இனிமே போக வேண்டாம்.”

“அப்படியா?” என்றார். “இத அவரே சொல்லியிருக்கலாம்ல?”

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

அதற்குப் பிறகு நான் நேராகப் பேசப் பழகினேன். பசித்தால் பசி, காய்ச்சல் என்றால் காய்ச்சல். வயிறு எரிகிறது, நெஞ்சு வெடிக்கிறது எல்லாவற்றையும் விட்டேன். ஜாடையும் குத்தலும் இல்லாமல் ஒருத்தி குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

அப்பா செத்த அன்று நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போனை இவர்தான் எடுத்தார். பேசிவிட்டு வந்து, “ஒங்கண்ணன் பேசுனாரு. ஒங்கப்பா கெளம்பிப் போயிட்டாராம்” என்றார்.

“எங்க?”

“அதச் சொல்லல.”

அண்ணனோடு சண்டை வந்தால் அப்பா கோபித்துக்கொண்டு மேலே தோட்டத்துக் குடிசைக்குப் போய்விடுவது வழக்கம். அதுதான் என்று நினைத்தேன். துணியை அலசிக் காயப்போட்டேன். சாப்பிட்டேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. நன்றாக வந்திருந்தது, இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல், குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிற சித்தப்பா மகன் வாசலில் வந்து நின்றான். “என்னக்கா, இன்னுமா கெளம்பல? ஒனக்காகத்தான் தூக்காம வச்சிருக்காங்க. வெரசா வா.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போனில் என்னதான் சொன்னாய் என்று அண்ணனிடம் பின்னால் கேட்டேன். “அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு மாப்ளேன்னு சொன்னேன்” என்றான். வேறு எப்படிச் சொல்வான்?

ஜீப்பில் இவரிடம், “எங்கப்பா செத்துட்டாரு” என்றேன். அடுத்த நொடியே அழ ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். கூட வந்தவர்கள் அவரைத் தேற்றினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கையில் குழம்பு வாசனை இருந்தது.

அங்கே பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, மலை சாய்ந்துபோச்சே என்று ஒப்பாரி வைத்தார்கள். இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து குனிந்தார். “மலை அப்படியேதான் இருக்கு. வெளிய போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்.” எனக்குத் தைரியம் சொல்லத்தான் வந்திருக்கிறார். தலையாட்டினேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பிறகாவது வரும் என்று கொஞ்ச காலம் இருந்தேன். அப்புறம் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

டுடோரியல் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. தோட்டத்தை அண்ணன் விற்றுவிட்டான். என்னுடைய பேச்சும் எங்கேயோ போய்விட்டது. அண்ணனுக்குப் பேத்தி பிறந்தபோது எல்லோரும் ஏதேதோ சொல்லிக் கொஞ்சினார்கள். நான், “மூக்கு சப்பையா இருக்கு, நல்லாருக்கு” என்றேன். அண்ணி முகம் சுருங்கியது. “சப்பையாத்தான இருக்கு?” என்று இவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து, “என்ன?” என்றார்.

“ஒண்ணும் இல்ல” என்றேன். பழைய வாய்.

“எது இல்ல?”

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலோடு நகர்ந்திருப்பார்கள். இவர் நின்றுகொண்டிருந்தார்.

“முன்ன நீங்க பேசுவீங்கள்ல, அந்தப் பேச்சு இல்ல” என்றேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஆமா. நான் பேசுனா நீ சிரிப்ப,” என்றார். “பேசுனதெல்லாம் ஞாபகம் இருக்கு. நீ எதுக்குச் சிரிச்சேன்னுதான் தெரியல.”