காஸ் அடுப்பும் கோழிக்கூட்டுத் தட்டியும்

இதை எழுதும்போதும் என் நகக்கண்ணில் வெள்ளிநிறப் பெயின்ற் ஒட்டிக்கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கிற, சூட்டுக்கு உரியாத பெயின்ற். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் கொக்குவிலில் இருந்துகொண்டு அதை ஏன் ஒரு காஸ் அடுப்புக்கு அடித்தார் என்று கேட்பீர்கள். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன.

போன மாதம் நசீர் ரெலிபோன் எடுத்தான். என் இளவயதுச் சிநேகிதன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்தவன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்கள் எல்லாரையும் இயக்கம் உடுத்த உடுப்போடு வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், அங்கேயே வேர்விட்டுப் போனான். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு வருடத்துக்கு ஒருதரம் வருவான். தங்கள் வெறுங்காணிக்குள் முளைத்த பற்றையை வெட்டுவித்துவிட்டு, என்னோடு கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிவிடுவான். எத்தனை தரம் மன்றாடியும் என் வீட்டில் ஒருநேரம் சாப்பிட்டதில்லை.

"காணியை வித்தாச்சு மச்சான். சனிக்கிழமை வந்து கையெழுத்து வைச்சால் சரி. பிறகு அங்கை எனக்கு என்ன அலுவல்?" என்றான்.

இவனும் வராவிட்டால் என்னை 'டேய்' என்று கூப்பிட இந்த ஊரில் ஒரு சீவன் மிஞ்சாது. அந்தப் பதற்றத்தில்தான் வாய் அவிழ்ந்தது. ஞாயிறு மத்தியானம் நின்று சாப்பிட்டுவிட்டுப் போ, என்னிடம் கனடாக் காஸ் அடுப்பு இருக்கிறது, பெட்டிமாதிரி மூடி போட்டது, அதில் மீன் சுட்டுத் தருகிறேன் என்று அளந்துவிட்டேன். சுட்ட மீன் என்றால் நிற்கிறேன் என்றான் அவன்.

அடுப்பு இருந்தது உண்மைதான். என் மனைவியின் தம்பி கனடாவில் இருந்து கப்பலில் அனுப்பி, ஒரு விடுமுறை முழுக்க எங்கள் வளவில் வைத்துக் கோழி சுட்டு, விட்டுவிட்டுப் போனது. அவன் போன கையோடு அதன் சில்லுகளைக் கழற்றித் தண்ணீர்ப் பரல் தள்ளுகிற வண்டிக்குப் பூட்டியவன் நான்தான். குமிழ்கள் போன இடம் தெரியவில்லை. காஸ் குழாயை எலி தின்றிருந்தது. உள்ளே கோழி அடைகிடக்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

புதிதாக ஒன்று வாங்குவதென்றால் என் பென்சனே என்னைப் பார்த்துச் சிரிக்கும். குழாயையும் ரெகுலேற்றரையும் மட்டும் கடையில் வாங்கினேன். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் மீனோடு சேர்ந்து நானும் வெந்துபோவேன் அல்லவா. மற்றதெல்லாம் வீட்டுச் சரக்கு. நெருப்பு வருகிற துளைகளைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. சைக்கிள் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். துருவேறிய மூடிக்குச் சைலன்சர் பெயின்ற் அடித்தேன். குமிழுக்குப் பழைய மின்விசிறி ரெகுலேற்றரின் குமிழைப் பூட்டினேன். அதில் இலக்கம் போட்டிருந்ததால் மீனை மூன்றில் வைக்கலாம் என்று மனைவிக்கு விளக்கமும் கொடுத்தேன். சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். அப்படியும் 'புப்' என்று கிளம்பிப் பாதிப் புருவத்தைக் கொண்டுபோய்விட்டது.

"நசீர் அண்ணை வரேக்கை உங்களை ஆர் எண்டு அடையாளம் தெரியவேணும், கண்டியளோ" என்றாள் மனைவி.

அடுப்பு சூடாக, பழைய கொழுப்பு உருகி ஒரு மணம் எழும்பியது. அவ்வளவுதான், நான் கொக்குவிலில் இல்லை. குருநகர்க் கடற்கரையில் நிற்கிறேன். அங்கே ஓர் ஐஸ் தொழிற்சாலையில்தான் என் முதல் வேலை, கிளாக்கர் என்று பெயர். கணக்கு எழுதுகிற கை எந்நேரமும் விறைத்திருக்கும். நசீரின் வாப்பாவுக்குப் பட்டினத்தில் இரும்புக்கடை. தொழிற்சாலைக்கு ஆணியும் கம்பியும் கொண்டுவரும் சாட்டில் அவன் வருவான், வந்தால் போகமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஐஸ் வாங்க வருகிற அருளப்பு அண்ணை என்ற கடற்றொழிலாளி விளைமீனோடு எங்களைத் தேடி வருவார். நசீர் தன் உம்மா இடித்துக் கொடுத்த தூளைச் சின்னப் போத்தலில் கொண்டுவருவான். தேங்காய்ச் சிரட்டையைப் போட்டு மூட்டி, மூன்று பேரும் மணலில் குந்தியிருந்து சுட்டுத் தின்போம்.

மீன் சுடுகிற தட்டியை நசீர்தான் செய்தான். கடையில் மிஞ்சிய கம்பிகளை வைத்துத் தன் கையால் வெல்டிங் பிடித்தான். வடிவான வேலை என்று சொல்லமாட்டேன். ஒரு கம்பி மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சைக்கிளில் கொண்டுபோனால் துடையில் குத்தும்.

அந்தத் தட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. தின்று முடிந்து கடலில் கடைசியாகக் கை நனைக்கிறவன் தட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், சாம்பல் போட்டுத் தேய்த்து உரஞ்சி, அடுத்த ஞாயிறு கொண்டுவர வேண்டும். நசீர் ஒருநாளும் அகப்பட்டதில்லை. வாய்க்குள் மீனோடு கடலுக்கு ஓடுகிற ஆள் அவன். உரஞ்சுவது பெரும்பாலும் நான், இல்லாவிட்டால் பாவம் அருளப்பு அண்ணை.

அவர்களை வெளியேற்றியதற்கு முந்திய ஞாயிறும் முறை எனக்குத்தான் வந்தது. உரஞ்சி, வெயிலில் காயவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த ஞாயிறு நசீரும் இல்லை, கடையும் இல்லை. பிறகு நாங்களும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, ஓடு இல்லை. தட்டி மட்டும் கிணற்றுக்கட்டில் சாய்த்துவைத்தபடி இருந்தது. அந்தக் கோணலை எந்தக் கள்ளன் எடுப்பான்? அன்றிலிருந்து எங்கள் கோழிக்கூட்டுக்கு அதுதான் கதவு.

கனடா அடுப்பின் சொந்தத் தட்டிகள் தொட்டவுடன் பொடிந்து கையோடு வந்தன. நான் நேரே கோழிக்கூட்டுக்குப் போனேன். கழுவி, நெருப்பில் காய்ச்சி, எண்ணெய் பூசி வைத்தால் அளவு சரியாக இருக்கிறது, நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பிதான் மூடியைச் சாத்தவிடவில்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். விரலை வேண்டுமானால் வெட்டு என்றேன்.

ஞாயிறு நசீர் வந்தான். முதல் கொஞ்சநேரம் புத்தளத் தமிழ், பிறகு தானாக எங்கள் தமிழுக்கு இறங்கிவிட்டான். கையெழுத்து வைத்த கதையை இரண்டு வரியில் முடித்தான். என் அரைப் புருவத்தைப் பார்த்துச் சிரித்தான். அடுப்படிக்கு வந்தவன் நீட்டிக்கொண்டு நின்ற கம்பியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். பக்கத்தில் வந்து, சூட்டையும் பாராமல் அந்த நுனியை விரலால் தொட்டான்.

"டேய், உன்ரை முறை இன்னும் முடியேல்லையோ?" என்றான்.

மீனைத் திருப்புகிற சாட்டில் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

மாமரத்தின் கீழ் இருந்து சாப்பிட்டோம். வாலும் மிச்சமில்லை. நான் எழும்பிப் பைப்படியில் கை கழுவினேன், மனைவியும் கழுவினாள். திரும்பிப் பார்த்தால் நசீர் இன்னும் இருக்கிறான். ஒரு துண்டும் ஒட்டியிராத முள்ளை நோண்டிக்கொண்டு, எங்களைப் பாராமல், அவசரமில்லாமல் ஆறுதலாக இருக்கிறான். வாய்க்குள் மீனோடு ஓடிய ஆள். எல்லாம் முடிந்த பிறகு எழும்பி வந்து, கடைசி ஆளாய்க் கை கழுவினான்.

"பழைய பேப்பர் இருக்கோ?" என்று மனைவியிடம் கேட்டான்.

தட்டியைச் சூடாற வைத்து, கரியும் மீன் நெய்யும் அப்படியே இருக்கப் பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டினான். இங்கேயே உரஞ்சலாமே, சாம்பல் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"உரஞ்சிக் கொண்டு வாறன்" என்றான்.

புத்தளம் பஸ்ஸில் ஏறும்போது பேப்பரைக் கிழித்துக்கொண்டு அந்தக் கம்பி வெளியே நீட்டியது. கொண்டக்ரர் ஏதோ புறுபுறுத்தான். நசீர் அதை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் கை காட்டினான்.

இப்போது கோழிக்கூட்டுக்குக் கதவில்லை. ஒரு பலகையை முட்டுக்கொடுத்திருக்கிறோம். காஸ் அடுப்பு நடுவில் ஓட்டையோடு நிற்கிறது. புதுத்தட்டி வாங்கினால் என்ன என்று மனைவி கேட்கிறாள். ஐஸ் தொழிற்சாலை போய்விட்டது. வாப்பாவின் இரும்புக்கடை இருந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. அருளப்பு அண்ணை கோயில் சேமக்காலையில், மண்ணுக்குள். காணியும் கைமாறிவிட்டது. இதெல்லாம் போனது போனதுதான். தட்டி மட்டும் வரும். உரஞ்சுவது இப்போது நசீரின் முறை.