டிஸ்சார்ஜ் என்றால் எந்த ஆஸ்பத்திரி?

பெங்களூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆங்கிலச் சட்டச் சொற்களைத் தமிழில் விளக்குவது என் பிழைப்பு. தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பதை, கோர்ட்டுக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து விழித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜ்

நீலசந்திராவில் குடியிருக்கும் குமார், கேப் ஓட்டுபவர். ஒரு தெருச் சண்டை வழக்கில், அந்தப் பக்கமே போகாத அவர் பெயரும் சேர்ந்துவிட்டது. ஜாமீன் கிடைத்தது. ஆனால் வழக்கு முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

எங்கள் வக்கீல் கன்னடக்காரர். தமக்குத் தெரிந்த தமிழில் குமாரின் மனைவி தேவிக்குத் தைரியம் சொன்னார்: "சும்னே, சும்மா பயப்படாதீங்கம்மா. சார்ஜ் போடக் கூடாதுன்னு ஜட்ஜ்கிட்ட கேக்கறோம்." இங்கே சார்ஜ் என்றால் குற்றச்சாட்டு. அதை நான் விளக்க வாயெடுப்பதற்குள் தேவி முந்திக்கொண்டார்: "எதுக்கு சார் கேட்டுக்கிட்டு? அவர் போனுக்கு வீட்லயே ஃபுல்லா போட்டு அனுப்பிடறேன்."

டிஸ்சார்ஜ்

உத்தரவு வந்த அன்று மத்தியானம் தேவி மூச்சிரைக்க ஓடி வந்தார். 'டிஸ்சார்ஜ் ஆயிட்டேன்' என்று கோர்ட்டிலிருந்து குமார் ஒரு வரி அனுப்பியிருந்தார். அதோடு அவர் போன் அணைந்துவிட்டது.

"எந்த ஆஸ்பத்திரிண்ணா? யார் அடிச்சாங்க?"

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வக்கீலிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சொன்னேன்: "குற்றம் சாட்டவே போதுமான ஆதாரம் இல்லை. விசாரணை தொடங்கும் முன்பே அவரை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அதுதான் இந்த டிஸ்சார்ஜ்." தேவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார். போன் ஏன் அணைந்தது என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது: "ஃபுல்லா போட்டு அனுப்பினேனே! கோர்ட்டுல உக்காந்து வீடியோ பாத்திருக்குது மனுஷன்."

வேலை

காகிதம் கைக்கு வந்ததும் குமார் கம்பெனியில் காட்டினார். அங்கிருந்த மேற்பார்வையாளர் பெண் அவரிடம் நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்தார். "சார், டிஸ்சார்ஜ்னு போட்டிருக்கே. வேற எங்கயோ வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா? அப்படிப்பட்டவரை நாங்க திரும்ப எடுக்க மாட்டோமே."

அந்தப் பெண்ணின் பக்கத்தில் குமார் நிற்பது எனக்குத் தெரியும். சொல் சொல்லாக மறுபடி விளக்கினேன். காகிதத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "அப்போ இது நல்ல டிஸ்சார்ஜ்! சரி, திங்கட்கிழமை யூனிஃபார்ம்ல வரட்டும்."

ஒரே சொல்லில் ஆஸ்பத்திரிக்குப் போய், வேலையையும் இழந்து, சிராய்ப்பின்றித் திரும்பிய குமார் மேல் இப்போது எந்தச் சார்ஜும் இல்லை. அவர் போனில் மட்டும் அது குறையாமல் தேவி பார்த்துக்கொள்கிறார்.