லிஃப்ட்காரர் செய்த கம்மல்

லிஃப்ட்காரரின் விரல்களைப் பார்ப்பவர்கள் அவரிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசுவார்கள். ஒவ்வொரு விரலும் ஒரு ஸ்பேனர். அவர் கை கதவில் மாட்டிக்கொண்டால் முதலில் கதவுக்கு என்ன ஆயிற்று என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய மகளின் கருத்து. அப்பேர்ப்பட்ட மனிதர், கடுகுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் மணியைக் கம்பியில் கோக்கக் கிளம்பினார். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பா செய்த வேலை.

கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டுகளைக் கவனிப்பது அவர் தொழில். லிஃப்ட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். பார்த்தால் ஒன்றுமே தெரியாத பரம சாது போல இருக்கும். ஆனால் கையிலிருந்து எது நழுவினாலும் முதல் ஆளாக வாயைத் திறக்கும். விழுங்கியதெல்லாம் கீழே இருக்கும் குழிக்குப் போய்விடும். லிஃப்ட்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டார்ச்சோடு ஏணியில் இறங்கி, எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவார். சாவியைத் தேடி ஆள் வரும். அடையாள அட்டையைத் தேடி அலறியடித்துக்கொண்டு வரும். ஒற்றைக் கம்மலைத் தேடி மட்டும் யாரும் வருவதில்லை. போனது போனதுதான் என்று இன்னொன்றையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள் போலும்.

அந்த ஒற்றைகளைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தார்.

"அப்பா, அநாதை இல்லம் எப்படி நடக்குது?" என்று மகள் கேட்பாள். "ஒன்னையும் ஒன்னையும் ஜோடி சேர்த்துக் கல்யாணம் பண்ணி வைக்கிறதுதானே?"

"நீ முதல்ல கணக்குல பாஸ் பண்ணு. அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

எது கழன்றாலும் ஏன் கழன்றது என்று தெரியாமல் லிஃப்ட்காரருக்குத் தூக்கம் வராது. தொழில் புத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொங்கும் மணியையும் காதில் மாட்டும் கொக்கியையும் இணைக்க நடுவில் ஒரு குட்டி வளையம் இருக்கிறதல்லவா, அநேகமாக எல்லாவற்றிலும் அது வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மயிரிழை அகலம்தான் இருக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் இத்தனை பேரின் அழகும் குழிக்குள் போயிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் கம்மல் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. எதைப் போட்டாலும் இரண்டாம் நாளே காது சிவந்து, வீங்கி, நீர் கோத்துக்கொள்ளும். "எனக்கு அந்த ஆசையே கிடையாதுப்பா" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அவரும் நம்பியிருந்தார். ஆனால் கையில் பூதக்கண்ணாடி இருந்த நேரமோ என்னவோ, அன்றைக்கு ஒன்று கண்ணில் பட்டது. அவள் காது ஓட்டையில் கண்ணுக்கே தெரியாத ஒரு நைலான் நூல் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கப் போட்டது.

ஆசையே இல்லாதவள் எதற்கு ஓட்டையைக் காத்து வைத்திருக்கிறாள்?

அவர் கேட்கவில்லை. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவரிடம் "ஏன் நின்னுச்சு?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. நாமேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

வேலையில் விரலில் பட்ட வெட்டுக்குப் பிளாஸ்திரி வாங்க மருந்துக்கடைக்குப் போனபோது, கல்லாவில் இருந்த பெண்ணின் காதில் பச்சை மணி ஆடிக்கொண்டிருந்தது. கொக்கி பளபளப்பில்லாமல், மழைமேக நிறத்தில் இருந்தது. லிஃப்ட்காரர் கொஞ்சம் அதிகமாகவே குனிந்து பார்த்துவிட்டார். அந்தப் பெண் பின்னால் நகர்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க காது வீங்காதா?"

"என்னது?"

"இல்ல, வீட்ல அவங்களுக்கு எது போட்டாலும் வீங்கும். அதான்..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் வீங்கும் சார். சில கொக்கியில நிக்கல்னு ஒரு உலோகம் கலந்திருக்கும், அது பல பேருக்கு ஒத்துக்காது. இது டைட்டானியம், நானே கோத்தது. சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடியில சொல்லித் தரேன். அவங்களை வரச் சொல்லுங்க."

"அவங்க வேண்டாம். நான் வரலாமா?"

அவள் அவர் விரல்களைப் பார்த்தாள். பாவம், பார்க்காத மாதிரி இருக்கத்தான் முயன்றாள். "வாங்க," என்றாள். கூடவே நிக்கல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் குட்டிப் பாட்டில்கள் இரண்டையும் விற்றாள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டுப் பஞ்சில் விட்டுப் பொருளைத் தேய்க்க வேண்டும். பஞ்சு ரோஸ் நிறமானால் நிக்கல் இருக்கிறது.

அதைக் கொடுத்திருக்கக் கூடாது. மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டுச் சாவி, பெல்ட் பக்கிள், பேன்ட் பொத்தான், கரண்டி, மகளின் கிளிப் என்று ஒன்றையும் விடவில்லை. ரோஸ், வெள்ளை, வெள்ளை, ரோஸ். பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அவர் நோட்டம் விட்டபோது மகள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசியாகப் பீரோவின் அடியிலிருந்து, மனைவி எப்போதோ கழற்றிவைத்த பழைய கம்மலை எடுத்துக் கொக்கியைத் தேய்த்தார். பஞ்சு வெட்கப்பட்ட கன்னம் போலச் சிவந்தது.

ஆக, கோளாறு காதில் இல்லை. கொக்கியில்.

மாலை வீட்டுக்கு வந்த மனைவி, குப்பைக்கூடை நிறைய ரோஸ் பஞ்சைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"லிஃப்ட் வேலைக்கு. ஒரு சோதனை."

"யாருக்குக் காது குத்துறீங்க? லிஃப்ட்டுக்கு எதுக்குப் பஞ்சு?"

"புது மாடல்மா," என்று மகள் இடையில் புகுந்தாள். "பஞ்சு மாதிரி மேல போகுமாம்."

நூலகத்து மாடியில் பெண்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் தன் கருவிப்பையோடு நுழைந்ததும் ஒருத்தி, "மின்விசிறி அந்த மூலையில இருக்கு அண்ணே, சத்தம் போடுது," என்றாள். அவர் மின்விசிறியையும் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பால பாடம் வளையம் திறப்பது. ஆளுக்கு இரண்டு குறடு. லிஃப்ட்காரருக்கு இது ஒரு விஷயமா? வளையத்தின் இரண்டு முனைகளையும் பிடித்து, இடது வலதாக இழுத்தார். வளையம் முட்டை வடிவத்துக்குப் போயிற்று. அமுக்கி மூடினார். மூடவில்லை. இன்னொன்று. அதுவும் முட்டை. மேசையில் ஒரு கோழிப்பண்ணையே சேர்ந்தது.

மருந்துக்கடைப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இங்கே எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள்.

"சார், லிஃப்ட் கதவு மாதிரித் திறக்கறீங்க."

"ஆமா. வேற எப்படித் திறக்கிறது?"

"வீட்டுக் கதவு மாதிரி. ஒரு முனையை உங்க பக்கம் திருகுங்க, இன்னொன்னு அங்கேயே இருக்கட்டும். மூடும்போது அதே வழியில திரும்பி வரணும். பக்கவாட்டுல இழுத்தா வட்டம் செத்துப்போயிடும். அப்புறம் என்ன அமுக்கினாலும் சந்து விடும்."

லிஃப்ட்காரர் திருகிப் பார்த்தார். திறந்தது. திருப்பினார். ரெண்டு முனையும் 'டிக்' என்று ஒன்றையொன்று தொட்டன. நகத்தால் தடவினால் சந்தே தெரியவில்லை. டப்பாவில் கிடக்கும் ஒற்றைகள் எல்லாம் ஏன் விழுந்தன என்று அந்த 'டிக்'கில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவசரத்தில் யாரோ எல்லாவற்றையும் லிஃப்ட் கதவாகத் திறந்திருக்கிறார்கள்! கண்டுபிடித்த சந்தோஷத்தில் பக்கத்துப் பெண்மணியிடம் விளக்கமாகச் சொல்லப் போய், அவள் கோத்து வைத்திருந்த மணியை எல்லாம் முழங்கையால் தட்டிவிட்டார். மீதி வகுப்பு முழுக்க மேசைக்கு அடியில்தான்.

அடுத்தடுத்த வாரங்களில் கம்பி முனையை வட்டமூக்குக் குறட்டில் சுருட்டப் படித்தார். குறட்டின் நுனியில் பிடித்தால் சுருள் சின்னதாக வரும், அடியில் பிடித்தால் பெரிதாக வரும். ரெண்டு கம்மலும் ஒரே அளவில் வர, குறட்டிலேயே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். கொக்கியை மட்டும் டைட்டானியத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள் டீச்சர். வந்த கொக்கியை அவர் மறுபடியும் பஞ்சால் தேய்த்தார். வெள்ளை. இன்னொரு தடவை தேய்த்தார். வெள்ளையோ வெள்ளை.

மனைவிக்கான ஜோடிக்கு மகள்தான் மணி பொறுக்கினாள். மங்கின நீலம். "அம்மாவோட ஆபீஸ் சேலைக்குப் பொருந்தும். உங்ககிட்ட விட்டா இன்டிகேட்டர் மாதிரி சிவப்பு எடுப்பீங்க."

ஒரு கம்மல் முடிந்தது. அருமை. இரண்டாவதின் வளையத்தைக் குறட்டில் பிடித்திருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். "அம்மா வந்தாச்சு!" என்று மகள் கூவினாள். பதற்றத்தில் மூளை சொன்னதைக் கை கேட்கவில்லை. வாழ்நாள் பழக்கம் முந்திக்கொண்டது. இடது, வலது. லிஃப்ட் கதவு. வளையம் இழுபட்டு நின்றது. மணியைக் கோத்து, ஒரே அமுக்காக அமுக்கினார். மூடின மாதிரிதான் இருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். லிஃப்ட் விஷயத்தில் அந்த வார்த்தையை அவர் ஒரு நாளும் சொன்னவரில்லை.

மறைப்பதற்குள் மனைவி மேசைக்கு வந்துவிட்டாள்.

"யாருக்கு இது?"

"சும்மா... பழக்கத்துக்கு. உனக்கு வேணும்னா..."

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்தாள். பிறகு மெதுவாக வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் எதுவும் ஒத்துக்காதே," என்று உள்ளே போனாள்.

"இது நிக்கல் இல்லாதது" என்று அவர் அவளுடைய முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை கம்மல் மேசையில் இல்லை. லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது ஏதோ சாக்கில் வாசலிலேயே நின்று காதைப் பார்த்தார். நைலான் நூல். அடுத்த நாளும் நைலான் நூல். வாரம் ஒன்று ஓடியது. எங்கேயோ எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டாள், அவ்வளவுதான்.  வேலைக்குப் போகும்போது, இனி எதற்கு என்று பையில் வழக்கமாக இருக்கும் குட்டிக் குறடு இரண்டையும் எடுத்து வெளியே வைக்கப் போய், வைக்காமல் விட்டார்.

"தைரியமா இருங்கப்பா," என்றாள் மகள். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யாததே அவருக்குக் கலக்கமாக இருந்தது.

லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் புகார் எண் அவருடைய கைபேசி எண்தான். ஒரு சாயங்காலம் அது அடித்தது. திரையில் தெரிந்தது மனைவியின் எண். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள், ஆறாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்பில்தான்.

"வணக்கம். லிஃப்ட் ஆளுங்களா?" பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் போலும், பல் வலிக்காரர்களிடம் பேசும் அதே குரல்.

"நான்தான் பேசறேன். என்ன ஆச்சு?"

"லிஃப்ட் சந்துல ஒரு பொருள் விழுந்துடுச்சு. கொஞ்சம் அவசரம். எனக்கு அது வேணும்."

"என்ன பொருள்?"

மறுமுனையில் குரல் பட்டென்று இறங்கியது. "வாங்களேன்..."

அவர் போனபோது அவள் தரைத்தளத்தில், சுவரோரமாக, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு காதில் நீல மணி ஆடியது. காது சிவக்கவில்லை. வீங்கவில்லை. சாதாரணக் காதாக, ஊரில் எல்லோருக்கும் இருக்கும் காதாக இருந்தது.

"தினமும் போடறியா?"

"காலையில ஏறும்போது லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்குவேன். இறங்கும்போது கழட்டிட்டு நூலை மாட்டிடுவேன்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "காது வீங்கித் தொலைச்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களேன்னு. ஒரு மாசம் பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்குக் கொக்கி கையிலயே இருக்கு, மணி மட்டும் போயிடுச்சு. நான்தான் முரட்டுத்தனமா இழுத்துட்டேன்."

"நீ இழுக்கலை," என்றார் லிஃப்ட்காரர்.

'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டினார். மின்சாரத்தை நிறுத்தினார். ஏணியில் இறங்கினார். எண்ணெய் வாடையும் தூசியுமாக இருந்த குழியில் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். மூலையில் நீலம் மின்னியது. பக்கத்திலேயே, முட்டை வடிவத்தில், வாயைப் பிளந்துகொண்டு வளையம். பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்தது. செருப்புச் சத்தத்துக்குப் பிறந்த வளையம் அது.

மேலே ஏறி வந்ததும் குறடுகளை எடுத்தார். பையின் ஓரத்தில் கிடந்த புது வளையம் ஒன்றை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக் கதவு மாதிரித் திறந்தார். கொக்கி, மணி. திருப்பி மூடினார். 'டிக்'. நகத்தால் தடவிப் பார்த்தார். போதாமல் அவளையும் தடவிப் பார்க்கச் சொன்னார்.

"சந்து தெரியுதா?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"இல்லங்க. நீங்களே மாட்டி விடுங்க, இங்க கண்ணாடி இல்லையே." அவள் தலையைச் சாய்த்துக் காதை நீட்டினாள்.

ஸ்பேனர் விரல்கள் கொக்கியை நுனியில் பிடித்துக்கொண்டன. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க இறங்கி வந்து, "அண்ணே, லிஃப்ட்டுக்கு என்ன ஆச்சு? எப்ப ஓடும்?" என்று கேட்டார்.

"இருங்க சார்," என்றார் லிஃப்ட்காரர், திரும்பாமலே. "வேலை நடக்குதில்ல."