வெட்டாத ஒயர்

உள்ளறையில் ‘டக் டக்’ என்று ஊன்றுகோல் சத்தம் கேட்டது. முன்னறைப் பட்டறையில் மின்சார ஸ்கூட்டருக்குப் பிரேக் சரிபார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அக்காவின் கை ஒரு நொடி நின்றது.

“வேகத்தைக் கட்டி வைக்கிற அந்த ஒரு ஒயரை வெட்டி விட்டா போதும்மா,” என்றார் அவளுடைய அண்ணன். “இருபத்தஞ்சுக்கு மேல போக மாட்டேங்குது. சைக்கிள்காரன்கூட என்னைப் பாத்துச் சிரிக்கிறான்.”

“சிரிக்கட்டும். வெட்டினா இது பைக் கணக்கு. நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேணும். அந்த வேகத்துக்கு இந்த பிரேக்கும் தாங்காது.”

“எனக்கே சட்டம் பேசறியா? உன் புருஷனுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்தியே!”

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். ஆம், கட்டியவன் ஆசையாகக் கேட்டான் என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தாள். மூன்றே நாளில் அவனை ரோட்டில் தள்ளிக் காலை உடைத்த அந்த வேகம்தான் இன்று உள்ளறையில் ஊன்றுகோலாகத் தட்டுகிறது.

“கொடுத்தேன். அதனாலதான் உனக்கு வெட்ட மாட்டேன்.”

“அப்ப இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

“மிதிக்காட்டிப் போ, அண்ணே. ரெண்டு காலும் முழுசா இருந்தா எனக்குப் போதும்.”

அண்ணன் கோபத்தில் ஹெல்மெட்டை மறந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் பின்னாலேயே ஓடி, அதை அவர் தலையில் கவிழ்த்து வாரை இறுக்கினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.