ஓடைப்பாலத்தில் கேட்ட மூச்சு

சாமி கும்பிடுகிறவன் நான். பொய்யைச் சொல்லி அடுத்தவரைப் பயமுறுத்துவது பாவம் என்று நம்புகிறவன். அதனால் இதில் ஒரு வரியைக்கூடக் கூட்டவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் ஒரு விடியற்காலை, நான் நின்ற இடத்துக்கு இருபதடி தூரத்தில் ஓர் உயிர் துடித்துக்கொண்டு கிடந்தது. அது என் காதில் விழுந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆட்டையாம்பட்டியில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. வேகக் கார் வைத்திருக்கும் பையன்கள் எங்கெங்கிருந்தோ தேடி வருவார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டும் குடும்பத்துப் பையன் கவினும் அப்படி வந்தவன்தான். டர்போ கார் வைத்திருந்தான். இன்ஜினுக்குப் பலம் ஏற்றியிருந்தான். அப்படி ஏற்றினால் உள்ளேயிருந்து எண்ணெய்ப் புகை அதிகம் கிளம்பும். அது ஒரு குழாய் வழியாகச் சுற்றிவந்து, இன்ஜின் இழுக்கும் காற்றிலேயே மறுபடி கலக்கும். உள்ளே பிசுக்குப் படியும். நடுவில் ஒரு சின்ன அலுமினிய டப்பாவை மாட்டிவிட்டால் எண்ணெய் அதிலே தங்கிவிடும், காற்று மட்டும் போகும். ஆயில் கேட்ச் கேன் என்பார்கள். சின்ன வேலைதான். ஆனால் ஒரு கிளிப் சரியாக உட்காராவிட்டாலும் காற்று கசியும். 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும்.

மறுநாள் அந்தக் காரைக் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குக்கு ஓட்டிப்போக வேண்டும் என்றான் கவின். "காலைல ஏழு மணிக்கு வாரேனுங்ணா. ஒரு சொட்டு எண்ணெய் வெளிய தெரிஞ்சாலும் உள்ள உட மாட்டாங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

வேலை முடிய இரவாகிவிட்டது. ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பது என் வழக்கமில்லை. மறுநாள் காலையிலோ, ராசிபுரத்துப் பெருமாள் கோயிலில் எங்கள் கட்டளை. என் மனைவி கோகிலவாணியின் பிறந்த வீட்டார் வழிவழியாகச் செய்து வருவது. ஐந்தேகாலுக்குப் பூஜை. அது முடிந்ததும் வருகிறவர்களுக்கெல்லாம் பொங்கல் கொடுப்போம். சரி, இந்தக் காரிலேயே போய்வந்தால் சோதித்த மாதிரியும் ஆகும் என்று நினைத்தேன்.

கோகிலா வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க, பெருமாளப் பாக்க ரேஸ் வண்டியிலயா போறது? இந்தச் சத்தத்துக்கு நாம போறதுக்குள்ள அவரே எந்திரிச்சுக்குவாரு."

4.20க்குக் கிளம்பினோம். நல்ல பனி. வெண்ணந்தூர் தாண்டும்போது 4.34. வண்டி அருமையாக ஓடியது. ஊர்களில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருந்தது. பிறகு வயல்கள். பாட்டு பின்னால் போய்விட்டது.

4.41க்கு எண்ணெய் கருகும் வாடை வந்தது.

ஓர் ஓடைப்பாலத்தின் மேல் ஓரங்கட்டினேன். கைப்பிடிச் சுவர் இடுப்புயரம்கூட இருக்காது. ஒரு பக்கத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தேன். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டேன்.

கருகியது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. மாட்டும்போது சிந்திய எண்ணெய் சைலன்சர் குழாயில் பட்டிருந்தது. துடைத்தேன். அதோடு கிளம்பியிருப்பேன்.

ஆனால் ஒரு சத்தம் கேட்டது.

ஸ்ஸ்...

கிளிப் கசிகிறது என்று நினைத்தேன். இந்த மாதிரிச் சத்தத்தைப் பிடிக்க என்னிடம் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டு உண்டு. ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாகக் கொண்டுபோக வேண்டும். கசிகிற இடத்தில் சத்தம் கூடும். மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்பதைப் போலத்தான்.

கேனின் மூடியில் வைத்தேன். இல்லை. இன்ஜின் பக்கத்துக் கிளிப்பில் வைத்தேன். இல்லை. டர்போ பக்கம் வைத்தேன். அங்கும் இல்லை.

குனிந்த முதுகு வலித்ததால் நிமிர்ந்தேன். கையிலிருந்த ஹோஸ் முனை தற்செயலாக வெளிப்பக்கம் திரும்பியது. ஓடைப் பக்கம்.

ஸ்ஸ்ஸ்...

சத்தம் கூடியது.

நான் முப்பது வருடமாக இன்ஜின் சத்தம் கேட்கிறவன். கசிவு என்றால் ஒரே சீராக வரும். இது வந்தது, நின்றது. வந்தது, நின்றது.

இன்ஜினை நிறுத்தினேன். விசிறியும் நின்றது. ஓடையில் தண்ணீர் இல்லை. காற்றும் இல்லை.

ஹோஸை மறுபடி காதில் வைத்து, மறுமுனையை இருட்டுக்கு நீட்டினேன்.

ஸ்ஸ்... நின்றது.

ஸ்ஸ்... நின்றது.

பிறகு அதற்குள் இன்னொன்று கேட்டது. முணுமுணுப்பு. வலியில் இருக்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தணிந்த குரல். ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது.

பொறுத்துக்க.

அப்போது ஹோஸ் வழியாக என் காதுக்குள் காற்று பட்டது. அந்தப் பனியில்... சூடாக.

கையை உதறினேன். ஹோஸ் தரையில் விழுந்தது.

கோகிலா கண்ணாடியை இறக்கினாள். "ஏனுங்க. யாரோ ஆம்பள பேசற மாதிரி இருக்குதே?"

"கோயில் ரேடியோ" என்றேன்.

"இந்தப் பக்கம் கோயிலே இல்லீங்களே."



மணி 4.50.

பயத்தில் கிளம்பிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். பயந்தது உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை. பூஜைக்கு நேரமாகிறது என்று நினைத்தேன். ஏழு மணிக்குக் கவின் வந்துவிடுவான் என்று நினைத்தேன். உடைந்த சுவர்ப்பக்கம் டார்ச்சை ஒரு முறை திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை. பானெட்டைச் சாத்தினேன்.

சாத்திய சத்தம் அடங்கியதும் காதைத் தீட்டினேன்.

மூச்சு மட்டும் கேட்டது. குரல் நின்றுவிட்டது.

பூஜையில் என் மனம் ஒட்டவில்லை. தீபாராதனையின்போது கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொன்னை தொன்னையாகப் பொங்கல் எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார்கள். கை சுட்டது.

திரும்பும்போது 6.35. பாலத்தில் கூட்டம். முட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் போயிருந்தது. சுவர் உடைந்த இடத்துக்கு நேர் கீழே, முட்செடிகளுக்குள் ஒரு மொபட் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் வேட்டி போர்த்திய ஓர் உடல்.

முட்டை வண்டி ஓட்டுநர் முருகானந்தம் எல்லாருக்கும் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மணி சுமாருக்குத் தார்ப்பாய்க் கயிறு தளர்ந்துவிட்டதென்று நிறுத்தினாராம். ஏதோ சத்தம் கேட்டதாம். என்னவென்று தெரியாமலேதான் இறங்கிப் போனாராம்.

"புருசன் பொண்டாட்டிங்க. தறிப்பட்டறையில வேல முடிஞ்சு ராத்திரி ஊட்டுக்குப் போயிருக்காங்க. அவரு முடிஞ்சுட்டாரு. அந்தம்மாவுக்கு மூச்சு இருந்துதுங்க."

கோகிலா என் கையைப் பிடித்தாள். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கவின் வந்து பானெட்டைத் திறந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தான். "ஒரு எடத்துலகூடக் கசிவு இல்லீங்ணா" என்று சந்தோஷமாகச் சொன்னான். ஆமாம். என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

அந்த அம்மாளைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போவதற்குப் பல நாள் பிடித்தது. தினமும் காலையில் கிளம்புவேன், ஒர்க்‌ஷாப் வாசலோடு நின்றுவிடுவேன். கடைசியில் கோகிலாதான் சாத்துக்குடிப் பையைக் கையில் கொடுத்து, "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. சொல்லாம உங்களுக்குத் தூக்கம் வராதுங்க" என்று அனுப்பினாள்.

அவர் பெயர் மாரக்காள். இறந்தவர் தீர்த்தகிரி. கட்டில் பக்கத்தில் மகள் யுவஸ்ரீ இருந்தாள். கல்லூரி முடித்த வயது. பாலத்தில் விவரம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றாள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருப்போம் என்று மருத்துவர் சொன்னாராம். சொல்லிவிட்டு எனக்காக டீ வாங்கப் போனாள்.

நான் கட்டில் ஓரத்தில் நின்றேன்.

"அம்மா, விடியக்காலம் ஒரு கார் வந்து பாலத்துல நின்னுது. அது நான்தானுங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. அடையாளம் பார்க்கிற மாதிரி இருந்தது.

"காதுல கொழாய் வெச்சுட்டு நின்னீங்களா?"

அவர் விழுந்து கிடந்தது சுவருக்குக் கீழே, முட்புதருக்குள். அங்கிருந்து சாலை தெரியாது.

"நான் பாக்கலீங்க. என்னால தலயத் திருப்ப முடியல. அவருதான் சொன்னாரு. ராத்திரியெல்லாம் எம் பக்கத்துலயே பேசிட்டு இருந்தாரு. கார் ஒண்ணு வந்துருச்சு, காதுல கொழாய் வெச்சு நம்மளத்தான் கேக்கறாரு, வந்துருவாரு, பொறுத்துக்க புள்ளேன்னாரு."

நான் அழுதுவிட்டேன்.

"அப்பறம் வண்டி போற சத்தம் எனக்கே கேட்டுது. எனக்கு ஆத்தரமா வந்துச்சு. அவரு உங்களத் திட்டலீங்க. பாவம், அவருக்கு என்ன அவசரமோ, வையாத புள்ளேன்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசுனது. அழுவாதீங்க சாமி."

யுவஸ்ரீ டீயோடு வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். கிளம்பியபோது நடைவழி வரைக்கும் கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா சொல்றத மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. வர்றவங்ககிட்டயெல்லாம் அப்பா பேசுனாரு, பேசுனாருன்னு சொல்லுது. அப்பா விழுந்தவொடனே போயிட்டாருங்க. கழுத்து முறிஞ்சிருச்சு. ராத்திரி பத்தரை, பதினொண்ணுக்குள்ளன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்காங்க. முட்ட வண்டிக்காரரு தொட்டப்போ ஒடம்பு வெறச்சுப்போயிக் கெடந்துதாம்."

நான் தலையாட்டினேன்.

"மயக்கத்துல அம்மாவுக்கு அப்படிக் கேட்டிருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க."

அதற்கும் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினேன்.

அன்று காலை 4.50க்கு நான் மயக்கத்தில் இல்லை.

கோகிலாவும் இல்லை.